பால்மரம் இலை கொட்டுது, கத்திரிக்கு ஒட்டுக் கட்டியாச்சு

வணக்கம் சொந்தங்களே. காலையில எட்டு மணி, சுங்கை சிப்புட்ல நம்ம தாமானுக்கு, அதான் குடியிருப்புக்கு, பின்னால இருக்கிற குழுத் தோட்டத்துல நிக்கிறேன். சத்தம் கேக்குதா? நடக்க நடக்கக் காலுக்கடியில சருகு நொறுங்குது. இருங்க, கேமராவைக் கீழ கொண்டு போறேன். ஒரே காம்புல மூணு மூணு இலை, பாத்தீங்களா? பால்மரத்து இலை, அதான் ரப்பர் மரம். பிப்ரவரி வந்துருச்சு, மரம் கொட்டுது.

மலேசியாவுல ஏது பருவம், வருஷம் பூரா வெயிலும் மழையுந்தானேம்பாங்க சில பேரு. எஸ்டேட்டுல பொறந்து வளந்தவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. எங்கம்மா பால் எடுக்க மரம் சீவுனவங்க. இலை கொட்டுனா பால் கொறையும், பால் கொறைஞ்சா சம்பளம் கொறையும், அந்த மாசம் மளிகைக் கடைக் கணக்கு ஏறிக்கிட்டே போகும். அப்புறம் தளிர் வரும், செம்புத் தகடு மாதிரி பளபளன்னு தொங்கும். ஆகஸ்ட், செப்டம்பர்ல மத்தியான வெயிலுக்குக் காய் டப்பு டப்புன்னு வெடிக்கும். நாங்க அந்தக் கொட்டையைப் பொறுக்கி சிமெண்டுல தேச்சு, சுடச்சுட பக்கத்துல இருக்கவ தொடையில வச்சிட்டு ஓடுவோம். அம்மா காதுக்கு அந்தச் சத்தம் வேற சேதி. "காய் வெடிச்சிருச்சு, பாத்தியைத் தூக்குங்கடி"ம்பாங்க. அக்டோபர், நவம்பர் மழை எறங்குறதுக்குள்ள லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால ஒரு முழ ஒசரத்துக்கு மண்ணு ஏறியிருக்கும்.

1877ல ரப்பர் கன்னு நட்ட கோலகங்சார் நமக்குப் பக்கத்து ஊரு. அப்பேர்ப்பட்ட வட்டாரத்துல இன்னைக்கு இந்தத் தோட்டத்துலேருந்து பாத்தா எட்டே எட்டு பால்மரம்தான் தெரியுது. மத்ததெல்லாம் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். செம்பனை பன்னெண்டு மாசமும் ஒரே பச்சை, பன்னெண்டு மாசமும் குலை தள்ளும். அதைப் பாத்து இது என்ன மாசம்னு சொல்ல முடியாது.

போன வருஷம் காய் வெடிச்சது என் காதுலயும் விழுந்துச்சு. பொங்கலுக்கு நம்ம கத்திரிக்காய் வேணும்னு குழுவுல எல்லாரும் ஆசைப்பட்டாங்க. குழுவை நடத்துறவ நான், பாத்தி தூக்காமலே நாப்பது கன்னை நடலாம்னு சொன்னதும் நான்தான். நவம்பர்ல ரெண்டு வாரம் தண்ணி வடியவே இல்ல. ஒரு நாள் காலையில வந்து பாக்குறேன், ஒரு வரிசை தொங்கிப் போய்க் கிடக்கு. இலை மஞ்சளாகல, பச்சையாவே தொங்குது. அடுத்த நாலு நாள்ல பூராவும் போச்சு. வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் யாருகிட்டயும் பேசல.

இதை மட்டும் நல்லாப் பாத்துக்குங்க. வாடுன செடியோட தண்டை அடியில வெட்டி, கண்ணாடிக் கிளாஸ்ல நல்ல தண்ணி ஊத்தி, வெட்டுன நுனி மட்டும் முங்குற மாதிரி அசையாம புடிங்க. அஞ்சு நிமிசத்துல வெள்ளையா நூல் மாதிரி ஒண்ணு கீழ எறங்கும். இது அப்ப எடுத்த வீடியோ. தெரியுதா, புகை எறங்குற மாதிரி? அதுதான் பாக்டீரியா வாடல். மருந்தடிச்சுப் பிரயோசனமில்ல. மண்ணுலயே வருஷக்கணக்கா கெடக்கும், தண்ணியோட பக்கத்துப் பாத்திக்கும் போகும். கத்திரி, மொளகா, தக்காளி எல்லாத்தையும் சாய்க்கும். செத்த செடியை எருக்குழியில போட்டுறாதீங்க. நாங்க பையில கட்டி வெளியேத்திட்டு, அந்த எடத்துல சோளம் போட்டிருக்கோம்.

கத்திரிய விட மனசு வரல. எஸ்டேட் ஓரத்துல முள்ளோட தானா மொளைச்சு நிக்குமே சுண்டைக்காய், அதோட வேரு இந்த வாடலைத் தாங்கும். அதனால சுண்டைக் கன்னு மேல கத்திரிய ஒட்டுக் கட்டுறோம். சுண்டை வெதை மொளைக்க நாள் எடுக்கும், அதை மொதல்லயே போட்டுருங்க. தண்டு ரெண்டும் ஒரே பருமன் வந்ததும் சுண்டையோட தலையை வெட்டி நடுவுல கீறி, கத்திரி நுனியை ஆப்பு மாதிரி ரெண்டு பக்கமும் சீவிச் சொருகி கிளிப் போட்டு, பிளாஸ்டிக் பையால மூடி ஒரு வாரம் நெழல்ல வைக்கணும். ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ஸ்பிரிட்ல தொடைங்க. நடும்போது ஒட்டுப் போட்ட எடம் மண்ணுக்கு மேலயே இருக்கட்டும். மண்ணு பட்டா கத்திரித் தண்டுலேருந்தே புதுசா வேரு எறங்கிரும், அப்புறம் ஒட்டுக் கட்டுனதே வீண்.

குழுவுக்கு ஒரு நோட்டும் வாங்கியாச்சு. மொத பக்கத்துல இன்னைக்குத் தேதி, "எட்டு மரமும் இலை கொட்டுது". காய் வெடிக்கிற நாளையும் அதுலதான் எழுதப் போறோம். அன்னைக்கு மம்பட்டியோட எல்லாரும் வந்துரணும்னு இப்பவே சொல்லி வச்சிட்டேன்.

இந்தா, இது பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் கட்டுன ஒட்டு, பன்னெண்டு நாள் ஆச்சு. கிளிப்புக்கு மேல பாருங்க, நகத்தளவு புது இலை. நேத்து இது இல்ல. வெயில் ஏறுது, நான் தண்ணி ஊத்தணும். வரேன்.