கூழுக்கு வெஞ்சனம்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் குடிக்கிற கூழ், கஞ்சியைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கூழைப் பற்றி நான் கொஞ்சம்தான் சொல்லப்போகிறேன். அதோடு கடித்துக்கொள்கிற சங்கதிகளைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

எங்கள் பக்கம், கோவில்பட்டி, சாத்தூர்க் கரிசலில், அதற்கு வெஞ்சனம் என்று பெயர். "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்றுதான் வீட்டில் கேட்போம். கூழ் என்ன கூழ் என்று யாரும் கேட்டதில்லை. அது தினமும் கம்மங்கூழ்தான். மாறுவது வெஞ்சனம். காலைச் சாப்பாடு நன்றாக இருந்ததா இல்லையா என்பதும் அதை வைத்துத்தான்.

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதை ஒட்டிக் கம்பும் கேழ்வரகும் பல வீடுகளுக்குத் திரும்பி வந்தன. எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் பலர் என்னிடம் ஒன்றைச் சொல்கிறார்கள். ஒரு கிலோ மாவு வாங்கினோம், ஒருநாள் கூழ் காய்ச்சினோம், பிள்ளைகள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார்கள், மிச்ச மாவு அப்படியே கிடக்கிறது என்று. "கூடக் கடிக்க என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்பேன். ஒன்றும் கொடுக்கவில்லை என்பார்கள்.

என் அக்காள் மகன் படித்த ஒரு விடுதியிலும் இதுதான் நடந்தது. காலையில் கேழ்வரகுக் கூழ் கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வெறும் கூழ், உப்புகூட அளவாக இல்லை. ஒரே மாதத்தில் நிறுத்திவிட்டு, பிள்ளைகளுக்குச் சிறுதானியம் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வளர்கிற பிள்ளைகளுக்கு அது எவ்வளவு நல்லது! ஆளுக்கு நாலு வத்தல் பொரித்துக் கொடுத்திருந்தால் குடித்திருப்பார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கூழின் குணத்தைப் பாருங்கள். குளிர்ச்சி, லேசான புளிப்பு, வழவழப்பு. பல்லுக்கு அதில் வேலையே இல்லை. அதனால் நாலு மடக்குக் குடித்ததும் வாய் வேறு ஒன்றைத் தேடும். மொறுமொறுவென்று ஒன்று, உறைப்பாக ஒன்று, உப்புக்கரிக்க ஒன்று. அது கிடைத்துவிட்டால் அடுத்த மடக்கு தானாக இறங்கும்.

கூழுக்குள்ளேயே சேர்க்க வேண்டியது இரண்டுதான்: மோரும் சின்ன வெங்காயமும். முதல்நாள் மாலை கம்பைக் குத்திப் புடைத்து, குருணையையும் மாவையும் உலையில் போட்டுத் துடுப்பால் கிண்டி, ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். காலையில் அந்த உருண்டையை மோர் விட்டுக் கையால் கரைப்பது. வெங்காயத்தை அப்போதுதான் சேர்க்க வேண்டும். இரவே போட்டு வைத்தால் அதன் வாடை முழுப் பானையிலும் ஏறிவிடும். அரிந்து போடுவதைவிட, உரித்து அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போடுங்கள். நசுங்கிய வெங்காயத்தின் சாறு மோரோடு கலக்கும். வாயில் அகப்படும் துண்டும் முரடாக இருக்கும். பெரிய வெங்காயம் இதற்குச் சரிப்படாது, அதில் தண்ணீர் அதிகம்.

அடுத்தது மோர்மிளகாய். வெஞ்சனங்களில் எனக்கு இதுதான் முதலிடம். அதிகக் காரமில்லாத, சதைப்பற்றுள்ள பச்சை மிளகாயாகப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் புளித்த தயிர், 100 கிராம் கல்லுப்பு. காம்பைக் கிள்ளாமல், நுனியில் ஒரு சின்னக் கீறல் போட்டு, உப்புத் தயிரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். மூன்றாம் நாள் காலையில் மிளகாயை மட்டும் எடுத்துப் பாயில் காயவைத்து, சாயங்காலம் திரும்ப அதே தயிரில் போட வேண்டும். பகலில் வெயில், இரவில் தயிர். இப்படியே தயிர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கிறவரைக்கும். அப்புறம் சருகாகக் காயவிட்டு எடுத்து வைத்தால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. பொரிக்கும்போது தீயை மட்டாக வைத்து, பழுப்பு நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கறுத்தால் கசக்கும். ஒன்றைக் கடித்துக்கொண்டே குடிக்கலாம். இல்லையென்றால் ஒன்றைக் கூழுக்குள்ளேயே நொறுக்கிப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். உப்பும் உறைப்பும் எண்ணெய் வாசமுமாகக் கூழே வேறு மாதிரி ஆகிவிடும். என் தாத்தா அப்படித்தான் குடிப்பார்.

காரம் ஆகாத பிள்ளைகளுக்குச் சீனியவரை வத்தல். வடக்கே கொத்தவரங்காய் என்பார்கள், அதேதான். உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வேகவைத்துக் காயப்போட்டது, பொரித்தால் முறுக்கு மாதிரி நொறுங்கும். சுண்டை வத்தலின் கசப்பு பெரியவர்களுக்குத்தான் பிடிபடும். கரிசல் காட்டில் தானாகப் படர்ந்து கிடக்கும் மிதுக்கங்காயிலும் வத்தல் போடுவோம். மிதுக்க வத்தலைச் சந்தையில் எங்கே பார்த்தாலும் வாங்கிவிடுங்கள், யோசிக்காதீர்கள்.

வத்தல் எல்லாமே உப்புப் பிடித்தது. ஆகவே கூழில் உப்பைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வத்தலை விட்டுவிட்டுத் துவையல் பக்கம் வரலாம். காணத் துவையல், அதாவது கொள்ளுத் துவையல், கம்மங்கூழுக்குக் கூடப் பிறந்தது மாதிரி. காணத்தை மணம் வர வறுத்து, ஒரு வரமிளகாய், இரண்டு பல் பூண்டு, துளி புளி, கொஞ்சம் தேங்காய் வைத்துக் கரகரப்பாக அரைக்க வேண்டும். மையாக அரைத்தால் கூழோடு கூழாகிவிடும்.

மாங்காய்க் காலத்தில் வேறு எதுவும் தேவையில்லை. கிளிமூக்கு மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி வைத்தால் போதும். இதில் ருசியைத் தாண்டி ஒரு நன்மையும் இருக்கிறது. 100 கிராம் கம்பில் சுமார் 6 முதல் 8 மில்லிகிராம் இரும்புச்சத்து உண்டு. ஆனால் தானியத்தில் உள்ள பைட்டிக் அமிலம் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உடம்பு கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சினால் அந்தப் பிடி தளரும். கூடவே மாங்காயோ நெல்லிக்காயோ கடித்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு நன்றாகச் சேர உதவும். கூழ் குடித்த கையோடு டீ, காப்பி குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

கருவாடு சாப்பிடுகிறவர்களுக்கு நெத்திலியை நான் சொல்லியா தெரிய வேண்டும்! தலையைக் கிள்ளி, வெந்நீரில் இரண்டு தடவை அலசி மணல் போக்கி, தோசைக்கல்லில் சொட்டு எண்ணெயில் வறுத்தால் வேலை முடிந்தது. ஆடி மாதத்தில் வட மாவட்டங்களில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும் சேர்ந்து வரும். அந்தக் கூழுக்குத் தெருவே வரிசையில் நிற்கும்.

இனிப்பாகக் குடிக்கிற வழக்கமும் நமக்கு உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து உளுந்தங்கஞ்சியில் பூண்டும் வெந்தயமும் வெந்து கிடக்கும், கருப்பட்டி கரைந்திருக்கும், மேலே தேங்காய்த் துருவல். யாழ்ப்பாணத்து ஆடிக்கூழில் அரிசி மாவு, வறுத்த பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி. அதில் தேங்காயைச் சின்னச் சின்னச் சொட்டுகளாக நறுக்கிப் போட்டிருப்பார்கள். குடித்துக்கொண்டே வரும்போது பல்லில் ஒரு சொட்டு அகப்படும். கடித்துக்கொள்ள ஒன்று வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள். வெள்ளைச் சீனி போட்ட கஞ்சியை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது இனிக்கும், மணக்காது.

வீட்டில் ஓட்ஸ்தான் இருக்கிறதா? சரி, அதையும் இப்படியே குடிக்கலாம். தண்ணீரில் வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, மோர் விட்டுக் கரைத்து, தட்டிய சின்ன வெங்காயம் சேருங்கள். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுங்கள். வத்தலைக் கடைசியாகப் பொரியுங்கள், டம்ளரில் ஊற்றி எல்லோரும் உட்கார்ந்த பிறகு. முன்னாலேயே பொரித்து வைத்தால் நமத்துவிடும். நமத்துப்போனதைத் திரும்ப எண்ணெயில் போடாதீர்கள், கருகிவிடும். வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டினால் போதும்.

வணக்கம்.