மூன்று முறை மேடே

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலப் படங்களில் விமானம் தடுமாறும்போது விமானி ஒரே சொல்லை அடுக்கிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: "மேடே, மேடே, மேடே!" மே முதல் தேதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வானொலியில் மற்றவர்களோடு பேசும் பைத்தியம் பிடித்த என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் சொல்மேல் ஒரு தனி மரியாதை உண்டு.

1920களில் லண்டனின் தென்பகுதியில் இருந்த குராய்டன் விமான நிலையத்தில் ஃபிரெடெரிக் மாக்ஃபோர்ட் என்று ஒரு வானொலி அதிகாரி இருந்தார். ஆபத்தில் சொல்ல ஒரு சொல் வேண்டும் என்று அவரிடம் கேட்டார்கள். அங்கிருந்து கிளம்பும் விமானங்கள் பெரும்பாலும் பாரிஸுக்குத்தான் போகும். ஆகவே, பிரெஞ்சில் 'எனக்கு உதவுங்கள்' என்பதுபோல ஒலிக்கும் 'மேடே'யை எடுத்துக் கொடுத்தார்.

எஸ்.ஓ.எஸ். என்ற ஆபத்துக் குறி ஏற்கெனவே இருந்ததே, அது போதாதா? தந்திக்குப் போதும். வாயால் சொல்லும்போது சிக்கல். தொலைபேசியில் வங்கிக்காரரிடம் பெயரின் எழுத்துகளைச் சொல்லிப் பாருங்கள், எஸ்ஸை எஃப் என்று எழுதிக்கொள்வார். அந்தக் காலக் கரகரப்பில் கேட்கவே வேண்டாம். 1927இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு மேடேயை ஏற்றுக்கொண்டது. மூன்று முறை சொல்வதற்கும் காரணம் உண்டு. இரைச்சலில் ஒன்று போனாலும் இன்னொன்று காதில் விழும். வேறு யாரோ கொடுத்த மேடேயைப் பற்றிப் பேசுகிறார் என்ற குழப்பமும் வராது.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

1990 ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்துகொண்டிருந்தது ஏவியாங்கா 52 என்ற போயிங் 707. மோசமான வானிலை, நெரிசல். மூன்று இடங்களில் வட்டமடித்துக் காத்திருக்கச் சொன்னார்கள். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்! எரிபொருள் கரைந்துகொண்டே இருந்தது. துணை விமானி தரைக் கட்டுப்பாட்டாளரிடம் முன்னுரிமை வேண்டும் என்றார். மாற்று நிலையமான பாஸ்டனுக்கு இனி போக முடியாது என்றும் சொன்னார். கேட்டவர் அடுத்த கட்டுப்பாட்டாளரிடம் விமானத்தை ஒப்படைத்தபோது இந்தச் சேதி முழுதாகப் போய்ச் சேரவில்லை.

முதல் முறை இறங்கப் பார்த்தார்கள், காற்று விடவில்லை. மறுபடி மேலே ஏறினார்கள். அவசரநிலை என்று சொல்லிவிடு என்று தலைமை விமானி துணை விமானியிடம் சொல்கிறார். அவரோ, திரும்ப வேண்டிய திசையை ஒப்புக்கொண்டுவிட்டு, அதோடு சேர்த்து, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்கிறார். அவ்வளவுதான். மேடே இல்லை, அவசரநிலை என்ற வார்த்தையும் இல்லை. கட்டுப்பாட்டாளர்கள் வழக்கம்போல வரிசையில் சுற்றவிட்டார்கள். நான்கு எஞ்சின்களும் நின்று, லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவில்லை. எரிய அதில் ஒன்றும் மிச்சமில்லை.

எரிபொருளைச் சரியாகக் கவனிக்காததும், அவசரநிலையை முறையாக அறிவிக்காததும் காரணம் என்றது விசாரணை அறிக்கை. கட்டுப்பாட்டாளர்களுக்கும் பொறுப்பு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், துணை விமானி பொய் சொல்லவில்லை, சேதியை மறைக்கவும் இல்லை. பணிவாகச் சொன்னார். நூறு விமானங்களோடு பேசிக்கொண்டிருப்பவர் காதில் பணிவான வாக்கியம் பத்தோடு பதினொன்று. மேடே என்று மூன்று முறை சொல்லியிருந்தால் கேட்பவர் எழுந்து உட்கார்ந்திருப்பார், வானத்தில் வழி பிறந்திருக்கும். ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு மற்றவர் வாயை மூட வைக்கும் அதிகாரம் உண்டு. மேடே ஓடும் அலைவரிசையில் வேறு யாரும் வம்பளக்கக் கூடாது.

எரிபொருளுக்கென்றே இப்போது விமானிகளுக்கு விதி இருக்கிறது. இறங்கும்போது கடைசிச் சேமிப்பிலும் கைவைக்க வேண்டிவரும் என்று தெரிந்தாலே, "மேடே, மேடே, மேடே, ஃபியூவல்" என்று அறிவித்துவிட வேண்டும். கூச்சப்படுவதற்கு அங்கே இடமில்லை.

பான்-பான், செக்யூரிடே என்று இதற்குத் தங்கைகள் இரண்டு உண்டு. விரிவாகப் பேச நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சுருக்கமாக: உயிருக்கு இப்போதே ஆபத்து என்றால் மேடே. அவசரம், ஆனால் அந்த அளவுக்கு இல்லை என்றால் பான்-பான். புயல், மிதக்கும் மரக்கட்டை என்று மற்றவர்களை எச்சரிக்க செக்யூரிடே. கடலுக்குப் போகும் சகோதரர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். படகிலுள்ள வி.எச்.எஃப். வானொலிக் கருவியில் 16ஆம் சேனல். படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர், இந்த வரிசையில் சொல்லுங்கள். செல்போனில் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் எண் 1554. வணக்கம்.