கதவை உடைத்தது ஊர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் புதுச்சேரி மக்களே, வணக்கம்.

இணையம் மனிதருக்கு நடுவே இருந்த வேலிகளை உடைத்ததா என்பது தலைப்பு. உடைக்கவில்லை என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி, 2004 சுனாமியில் நம் மீனவ கிராமமான நல்லவாடு மக்கள் தப்பியதை இணையத்தின் வெற்றி என்றார். நம்ம ஊர்க் கதை, முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து நம் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரத்தைப் பார்த்து, வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். கம்ப்யூட்டரைத் தொடாதவருக்கும் போய்ச் சேர்ந்தது. நல்ல காரியம், மறுக்கவே மாட்டேன். ஆனால் சாதி, ஆண் பெண் பார்க்காமல் யாரும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒத்துக்கொண்டால்தான் மையம் என்ற நிபந்தனையை மனிதர்கள்தான் போட்டார்கள். கம்ப்யூட்டர் போடவில்லை.

சுனாமி அன்று என்ன நடந்தது? சிங்கப்பூரில் இருந்த நல்லவாட்டுக்காரர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்றார்கள். ஓடுங்கள், எல்லோருக்கும் சொல்லுங்கள் என்று கத்தினார். ஊர்க்காரர்கள் அங்கிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்த ஒலிபெருக்கி மையத்தோடு வந்ததுதான், சரி. உயிரைக் காத்தது ஊர் மேல் இருந்த அக்கறை.

அப்புறம் அந்தப் பெரிய வாக்குறுதி. 1996-இல் டாவோஸில் ஜான் பெர்ரி பார்லோ என்ற அமெரிக்கர் இணையவெளிக்கு விடுதலைப் பிரகடனம் எழுதினார். பிறப்போ பணமோ யாரையும் தடுக்காது, அரசாங்கத்துக்கு அங்கே அதிகாரமில்லை என்றார். இன்று வரன் தேடும் தளத்தைத் திறந்து பாருங்கள். சாதி, உட்பிரிவு என்று வடிகட்டித் தருகிறது. தரகர் நாலு ஊரில் தேடியதை இது உலகம் முழுக்கத் தேடுகிறது! அரசாங்கத்தின் அதிகாரமா? 2018 மே மாதம் தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மூன்று மாவட்டங்களில் இணையத்தையே நிறுத்தினார்கள்.

அதே மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிட வந்த வயதான அம்மா ஒருவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பியவர்கள் அவரை அடித்தே கொன்றார்கள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. வெளியூர்க்காரரைக் கண்டால் வரும் சந்தேகம் பழசு. அதை ஒரே நாளில் நூறு ஊருக்குக் கொண்டுபோனது புதுசு.

இந்தியா முழுக்க இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான், ஜூலையில், ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தகவல் தடையில்லாமல் ஓடினாலே மக்கள் ஒன்றாகிவிடுவார்கள் என்றால், அதை ஓடவிட்டவர்களே ஏன் தடை போட்டார்கள்? அடுத்துப் பேச வரும் எதிரணி ஐயா இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.