சட்டையில ஒரு சின்ன பாக்கெட்

நேயர்களுக்கு வணக்கம். தலைமைப் பண்பு பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க. நான் பார்சிக்காரங்களப் பத்திப் பேசறேன், ஏன்னா பாரசீகத்துலருந்து அடைக்கலம் தேடி குஜராத் கரைக்கு வந்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆகியும் அவங்க முன்னோர் வழக்கத்த விடாம வச்சிருக்காங்க, குஜராத்துல உத்வாடாங்கற ஊர்ல அவங்க கும்பிடற புனிதத் தீ இன்னிக்கும் அணையாம எரியுது.

அவங்க பிள்ளைங்களுக்கு நவ்ஜோத்னு ஒரு சடங்கு உண்டு, நம்ம பக்கம் பூணூல் போடற மாதிரின்னு வச்சுக்கங்களேன், ஆனா பொண்ணுங்களுக்கும் செய்வாங்க. மெல்லிசா வெள்ளைச் சட்டை ஒண்ணு போட்டு விடுவாங்க, சுத்ரேன்னு பேரு. அதுல கழுத்துக்குக் கீழ துளியூண்டு பாக்கெட் தச்சிருக்கும். காசு வைக்க இல்லைங்க, நாம செய்யற நல்ல காரியத்த அதுல சேத்து வைக்கணுமாம்! அதுக்கு மேல 72 இழையில நெய்த கஸ்திக் கயித்த இடுப்புல மூணு சுத்து கட்டுவாங்க. மூணு சுத்துக்கும் அர்த்தம் நல்ல நெனப்பு, நல்ல பேச்சு, நல்ல செயல். சாமி கும்பிடும்போதெல்லாம் அத அவுத்துத் திரும்பக் கட்டணும், ஒரு தடவ கட்டினதோட முடிஞ்சு போறதில்ல.

இப்படி ஒரு பூசாரிக் குடும்பத்துல 1839ல நவ்சாரியில பொறந்தவர்தான் டாடா கம்பெனிய ஆரம்பிச்ச ஜாம்ஷெட்ஜி டாடா. 1877ல நாக்பூர்ல எம்ப்ரஸ் மில் தொறந்தார். பஞ்சாலை உள்ள நின்னவங்களுக்குத் தெரியும், அந்த வெக்கையும் பஞ்சுத் தூசியும் மூச்ச முட்டும், இவர் என்ன பண்ணார்னா காத்தோட்டத்துக்கு வழி பண்ணி, காத்துல ஈரம் இருக்க மெஷின் வச்சு, தீப்பிடிச்சா அணைக்க ஸ்பிரிங்க்ளரும் போட்டார், அப்பறம் 1886ல பென்ஷன் ஃபண்டு, 1895ல வேலையில அடிபட்டா நஷ்டஈடு. நஷ்டஈட்டுக்கு நாட்டுல சட்டம் வந்ததே 1923லதான். யாரும் கேக்காமலே ஒருத்தர் இதெல்லாம் செய்யறார்னா அந்த வளர்ப்புக்கு அதுல பங்கு இருக்குன்னு நான் உறுதியா நம்பறேன்.

பரம்பரை மட்டும் எல்லாத்தையும் பாத்துக்கும்னு சொல்ல வரல. அவர் 1904ல இறந்துட்டார். அவர் திட்டம் போட்டு, அவருக்கு அப்பறம் வந்த டாடா இரும்பு ஆலையில 1912லயே எட்டு மணி நேர வேலைதான், ஆனாலும் 1920, 1922, 1928ன்னு பெரிய ஸ்ட்ரைக் எல்லாம் நடந்துச்சு. சீட்டுல புதுசா வந்து உக்கார்றவங்க ஒவ்வொருத்தரும் தொழிலாளி பேச்சுக்குக் காது குடுத்தே ஆகணும்.

1902ல மகன் தோராப்ஜிக்கு ஜாம்ஷெட்ஜி ஒரு கடிதாசி எழுதினார். அந்த இரும்பு ஆலைக்கு இடம்கூட அப்ப முடிவாகல. கடிதாசியில, தொழிலாளிங்க இருக்கப் போற ஊர்ல தெருவ அகலமா போடு, நெழல் தர்ற மரம் நடு, ஒண்ணு விட்டு ஒண்ணு சீக்கிரம் வளர்ற ஜாதியா இருக்கட்டும்னு சொல்றார், ஏன்னா வேலைக்கு வர்றவனுக்கு நெழல் சீக்கிரம் வேணுமில்ல? ஃபுட்பால், ஹாக்கி ஆட மைதானம், பூங்கா, இந்துக் கோயிலுக்கு, மசூதிக்கு, சர்ச்சுக்கு எடம்னு வரிசையா எழுதறார். அந்த வரிசையில தன்னோட மதத்துக்கு ஒரு கோயில்னு அவர் எழுதவே இல்ல.

நன்றி, வணக்கம்.