எட்டாம் எண் பைக்: பாவ்லோ கொன்சால்வெஸ் அஞ்சலி

நேயர்களுக்கு வணக்கம்.

பாலைவனத்தில் பல நாள் ஓடும் டக்கார் ராலியில் யாராவது இறந்தால்தான் நம் ஊர்ப் பத்திரிகைகளில் அந்தப் போட்டிக்கு நாலு வரி இடம் கிடைக்கும். "மரணப் போட்டி" என்று தலைப்பும் தயாராக இருக்கும். 2020 ஜனவரியில் பாவ்லோ கொன்சால்வெஸ் இறந்தபோதும் அப்படித்தான் நடந்தது. எப்படி வாழ்ந்தார், என்ன வேலை செய்தார், சக ஓட்டிகள் அவருக்காக ஏன் அழுதார்கள் என்பதெல்லாம் அந்த நாலு வரிக்குள் அடங்கவில்லை. இன்றைய உரையில் அதைத்தான் சொல்லப் போகிறேன். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் கடைசியாக ஓட்டியது ஓர் இந்திய நிறுவனத்தின் பைக். ஹீரோ அணியின் எட்டாம் எண் பைக்.

பாவ்லோ போர்ச்சுகல்காரர். வட போர்ச்சுகலின் கடலோர ஊரான எஸ்பொசெண்டேயில் 1979-இல் பிறந்தவர். மண் வளையத்தில் ஓடும் மோட்டோகிராஸில் தொடங்கி, காடுமேடுகளில் ஓடும் எண்டியூரோ போய், பாலைவன ராலிக்கு வந்தார். 2006-இல் முதல் டக்கார். 2020-இல் ஓடியது பதின்மூன்றாவது. நான்கு முறை முதல் பத்துக்குள் முடித்திருக்கிறார். 2013-இல் எஃப்ஐஎம் (சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு) கிராஸ் கன்ட்ரி ராலி உலகப் பட்டம். 2015 டக்காரில் ஹோண்டாவில் இரண்டாம் இடம், முதலிடம் மார்க் கோமாவுக்கு. டக்கார் பட்டம் மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை. 2014-இல் அர்ஜென்டினாவின் வெயிலில் அவருடைய பைக் தீப்பிடித்து அவர் கண்ணெதிரே எரிந்துபோனது. அடுத்த ஆண்டே வந்து இரண்டாம் இடம் வாங்கினார். ஆளின் குணத்துக்கு இது ஒரு சாட்சி.

2019-இல் ஹோண்டாவை விட்டு ஹீரோவுக்கு வந்தார். ஹீரோவின் ராலி பைக்கை உருவாக்கியதில் ஜெர்மனியின் ஸ்பீட்பிரெய்ன் பட்டறைக்குப் பெரிய பங்கு. ஹோண்டாவுக்குப் போவதற்கு முன் பாவ்லோ அதே பட்டறை தயாரித்த ஹுஸ்க்வர்னாவை ஓட்டியவர்தான். ஆக, அவருக்கு அது புது இடமே அல்ல. மைத்துனர் ஜோக்கிம் ரோட்ரிகஸும் அதே அணியில் இருந்தார். பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ் இன்னொரு அணித்தோழர்.

ராலி என்றால் என்ன என்று தெரியாமல் இந்த மரணம் புரியாது. கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

டக்காரில் பைக்குகளுக்கு 450 சிசி உச்ச வரம்பு. 2011-இலிருந்து எல்லோருக்கும் அதுதான். சிறிய எஞ்சின்தானே என்று நினைக்கலாம். ஆனால் அதன்மேல் முப்பது லிட்டருக்கு மேல் பெட்ரோல், தண்ணீர், கருவிகள், ஓட்டியின் எடை எல்லாம் ஏறுகின்றன. முன்னால் இரண்டு டேங்க், பின்னால் ஒன்று. காலையில் நிறை பாரத்தோடு ஒரு பைக், மதியம் டேங்க் காலியாகும்போது வேறொரு பைக். சஸ்பென்ஷனை எந்தப் பாரத்துக்கு வைப்பது? எங்கே வைத்தாலும் ஒரு நேரத்துக்குச் சரி, இன்னொரு நேரத்துக்குத் தப்பு. நிறை டேங்கோடு வேகமாகப் போய் ஒரு குழியில் இறங்கினால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அடிவரை அமுங்கிவிடும். அப்புறம் பைக் போகிற திசையை ஓட்டி முடிவு செய்வதில்லை.

வழி காட்ட வரைபடமோ, செல்பேசியில் பார்க்கும் ஜிபிஎஸ் அம்புக்குறியோ கிடையாது. 2020-இல் பைக்குகளில் ஹேண்டில்பாருக்கு மேலே ஒரு பெட்டியில் சுருட்டிய காகிதம் இருந்தது, அதுதான் ரோட்புக். ஒவ்வொரு கட்டத்திலும் தூரம், ஒரு சிறு படம், போகவேண்டிய திசையின் பாகை. இடது கட்டைவிரல் பொத்தானால் காகிதத்தை உருட்டிக்கொண்டே, டிரிப்மீட்டரில் ஓடும் கிலோமீட்டரோடு ஒத்துப் பார்த்துக்கொண்டே, மணிக்கு நூறுக்கு மேல் போக வேண்டியிருந்தது. ஆபத்தான இடத்துக்கு ஆச்சரியக்குறி போட்டிருப்பார்கள்: ஒன்று என்றால் கவனம், இரண்டு என்றால் வேகம் குறை, மூன்று என்றால் உயிர்மேல் ஆசை இருந்தால் குறை. டிரிப்மீட்டர் முந்நூறு மீட்டர் பிசகியிருந்தால், மூன்று ஆச்சரியக்குறி போட்ட பள்ளம் நீங்கள் எதிர்பார்க்கும் முன்பே வந்துவிடும். அதனால்தான் தெரிந்த அடையாளம் வரும்போதெல்லாம் தூரத்தைத் திருத்திக்கொண்டே போவார்கள்.

பெரிய மணல் மேடுகள்தான் ஆபத்து என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். மேட்டில் வேகம் குறைவு. விழுந்தாலும் பெரும்பாலும் மணலில்தான் விழுவார்கள். அதைவிடப் பயப்பட வேண்டியது சரளைச் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டை, பைக் முழு வேகத்தில். நடுவில் மழைநீர் அறுத்த ஓர் ஓடை, அல்லது மண்ணில் பாதி புதைந்த ஒரு கல். வெயில் உச்சியில் இருக்கும்போது நிழலே விழாது. நிழல் இல்லாவிட்டால் பள்ளம் தெரியாது. சவூதியில் முதன்முதலாக நடந்த 2020 ராலியில் தடங்கள் மிக வேகமானவை என்று ஓட்டிகளே பேசிக்கொண்டார்கள்.

இனி அந்த ஜனவரிக்கு வருவோம். ஐந்தாம் தேதி ஜெத்தாவில் ராலி தொடங்கியது. மூன்றாவது ஸ்டேஜில், அதாவது மூன்றாம் நாள் ஓட்டத்தில், பாவ்லோவின் எஞ்சின் போய்விட்டது. அத்தோடு அவருடைய வெற்றி வாய்ப்பு முடிந்தது. வேறு யாராக இருந்தாலும் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். அவர் உதவி லாரி வரும்வரை மணிக்கணக்கில் பாலைவனத்தில் காத்திருந்து, தன் கையாலேயே எஞ்சினை மாற்றிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தார்.

"எஞ்சினை மாற்றினார்" என்பது இரண்டு சொல்தான். அந்த வேலை என்ன என்று மெக்கானிக்குகளுக்குத் தெரியும். அடியிலிருக்கும் பாதுகாப்புத் தகட்டைக் கழற்ற வேண்டும். முன் டேங்குகளை இறக்க வேண்டும். சைலன்சர் பைப் கொதிக்கும்; அது ஆற வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ்கள், பெட்ரோல் இணைப்பு, த்ராட்டில் பாடி, வயரிங் கனெக்டர்கள், கிளட்ச், செயின் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பெரும்பாலான 450 பைக்குகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் போல்ட் எஞ்சின் உடம்பு வழியாகவே போகும். அதை உருவினால் பின்சக்கரம் முழுதும் தொங்கிவிடும். அடியில் முட்டுக்கொடுக்க ஜாக்கி வேண்டும். மணலில் ஜாக்கி புதையும். எஞ்சின் முப்பது கிலோவை ஒட்டிய எடை. அதைத் தூக்கிப் பிடித்து போல்ட் துளைகளை நேர்ப்படுத்துவதற்குள் முதுகு போய்விடும். எல்லாம் பூட்டியபின் கூலன்ட் ஊற்றும்போது குழாயில் காற்று அடைபட்டு நின்றால், பத்து கிலோமீட்டரில் புது எஞ்சினும் கொதித்துப் பழையதன் கதிக்கு வரும். இத்தனைக்கும் நடுவில் திறந்த துளை எதிலும் ஒரு சிட்டிகை மணல் விழக்கூடாது. பட்டறையில் விளக்கும் ஸ்டாண்டும் இருக்கும்போதே இது லேசான வேலை இல்லை.

அதற்குப் பிறகும் நாலாவது, ஐந்தாவது, ஆறாவது ஸ்டேஜ்களை ஓடினார். மொத்தத்தில் 46-ஆவது இடம். உலகப் பட்டம் வாங்கிய ஆளுக்கு அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஓடினார், அவ்வளவுதான்.

ரியாத்தில் ஒருநாள் ஓய்வு. மறுநாள் ஏழாவது ஸ்டேஜ், ரியாத்திலிருந்து வாதி அல் தவாசிர் வரை. போட்டித் தூரம் மட்டும் 546 கிலோமீட்டர். அந்த ஆண்டின் மிக நீளமான நாள். 276-ஆவது கிலோமீட்டரில் பாவ்லோ விழுந்தார். காலை 10:08-க்குக் கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை போனது. 10:16-க்கு மருத்துவ ஹெலிகாப்டர் அவர் அருகில் இறங்கியது. அப்போது அவருக்கு நினைவில்லை; இதயம் நின்றிருந்தது. அங்கேயே உயிர்ப்பிக்க முயன்றார்கள். பிறகு லைலா ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். வயது நாற்பது.

சாலையே இல்லாத பாலைவனத்தில் எட்டு நிமிடத்தில் மருத்துவர் வருவது சின்ன விஷயம் இல்லை. நம் நகரங்களில் எட்டு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வருமா என்பதை நேயர்களே சொல்லுங்கள். ஒவ்வொரு பைக்கிலும் செயற்கைக்கோள் கருவி உண்டு. அதில் அவசரப் பொத்தான் அழுத்தினால் இடமும் எண்ணும் கட்டுப்பாட்டு அறையில் தெரியும். ஹெலிகாப்டர்கள் தடத்தை ஒட்டியே நிறுத்தப்பட்டிருக்கும். இன்னொரு கருவி, பின்னால் வரும் வண்டிகளுக்கு "முன்னால் ஒருவர் விழுந்து கிடக்கிறார்" என்று ஒலி எழுப்பும். பின்னால் வருவது ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பந்தய காரோ, பல டன் லாரியோ ஆகவும் இருக்கலாம் என்பதால் அதுவும் உயிர் காக்கும் கருவிதான்.

கருவிக்கு முன்பே மனிதர்கள் வந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் டோபி பிரைஸ், முந்தைய ஆண்டின் சாம்பியன், பட்டத்தைக் காக்க ஓடிக்கொண்டிருந்தவர், நிறுத்தி இறங்கினார். ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் ஸ்விட்கோவும் நின்றார். பிரைஸ் ஹெலிகாப்டர் வரும்வரை பாவ்லோவோடு இருந்தார், தூக்கி ஏற்றவும் கைகொடுத்தார்.

விழுந்தவரைப் பார்த்தால் செய்யவேண்டியது ஓட்டிகளுக்குத் தெரிந்த முறைதான். முதலில் தன் பைக்கைச் சற்றுப் பின்னால், மேட்டுக்கு இந்தப்புறம் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது ஆள் இரண்டு பேர்மேலும் ஏறுவான். பொத்தானை அழுத்த வேண்டும். பேச்சுக் கொடுக்க வேண்டும், மூச்சைப் பார்க்க வேண்டும். மூச்சு அடைபட்டால் தவிர ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் நாம் செய்யும் உதவியே அவரை முடித்துவிடும். தண்ணீர் ஊட்டக்கூடாது. மருத்துவர் வரும்வரை நகரக்கூடாது. நின்ற நேரத்தைப் பிறகு கணக்கிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் நிற்பதால் போட்டியில் நஷ்டமில்லை என்று சொல்லலாம். ஆனால் அப்படி நின்றுவிட்டு, மீதி இருநூற்றெழுபது கிலோமீட்டரை அதே கைகளால் ஓட்டிப்போக வேண்டுமே, அதற்கு யார் கணக்குப் பார்ப்பது?

2016 டக்காரில், பட்டத்துக்கான போட்டியில் முன்னணியில் இருந்தபோது, தொடையெலும்பு முறிந்து கிடந்த மத்தியாஸ் வால்க்னருக்காக வண்டியை நிறுத்தி உதவிக்கு நின்றவர் பாவ்லோ. வால்க்னர் கேடிஎம் அணிக்காரர், அதாவது எதிரணி. பிரைஸும் கேடிஎம் அணிக்காரர்தான்.

மறுநாள், ஜனவரி 13, பைக்குகளுக்கும் குவாட் என்கிற நான்கு சக்கர பைக்குகளுக்கும் எட்டாவது ஸ்டேஜை ரத்து செய்தார்கள். கார்களும் லாரிகளும் ஓடின. இரண்டு முறை பட்டம் வென்ற இத்தாலியின் ஃபாப்ரிஸியோ மெயோனி 2005-இல் இதே ஜனவரியில் இறந்தபோதும் பைக்குகளை ஒருநாள் நிறுத்தினார்கள். ஹீரோ அணி மொத்தமும் போட்டியிலிருந்து விலகியது. சரியான முடிவு. மைத்துனரை இழந்தவனை மறுநாள் மணிக்கு நூற்றிருபது வேகத்தில் ரோட்புக் படிக்கச் சொல்ல எந்த அணிக்கும் மனம் வராது.

அந்த ராலி இன்னோர் உயிரையும் கொண்டுபோனது. நெதர்லாந்தின் எட்வின் ஸ்ட்ராவர் பதினோராவது ஸ்டேஜில் விழுந்து, ஊருக்குக் கொண்டுபோகப்பட்டு, ஜனவரி 24-இல் இறந்தார். மெக்கானிக் உதவியே இல்லாமல் ஒரு பெட்டிக் கருவியோடு ஓடுகிறவர்களுக்கான பிரிவில் முந்தைய ஆண்டு முதலிடம் வாங்கியவர் அவர். பாவ்லோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரை மறந்துவிடுகிறார்கள்.

2021-இல் விதிகள் மாறின. ஆபத்தான பகுதிகளில் மணிக்கு 90 கிலோமீட்டர் வரம்பு வந்தது. அபாய இடங்களுக்கு முன்னால் காதில் கேட்கும் எச்சரிக்கை வந்தது. பின் டயர் முழு ராலிக்கும் ஆறுதான் என்றார்கள். டயருக்கும் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ராலி டயருக்குள் காற்று இல்லை. மூஸ் என்கிற நுரை வளையம் இருக்கும். பஞ்சர் ஆகாது, ஆனால் முழு வேகத்தில் தொடர்ந்து ஓடினால் சூடேறி உதிரும். தினம் புது டயர் கிடைக்கும் என்றால் ஓட்டி த்ராட்டிலை மூடவே மாட்டான். ஆறுதான் என்றால் டயரைக் காப்பாற்ற வேகத்தைத் தானே குறைப்பான். போலீஸ் வைத்துக் குறைக்க முடியாததை டயரை வைத்துக் குறைத்தார்கள். என் கணக்கில் அந்த ஆண்டின் புத்திசாலித்தனமான விதி அதுதான்.

ஏர்பேக் உள்சட்டையும் கட்டாயமானது. உணரிகள் உடல் பறக்கும் விதத்தை அளந்து, தரையில் மோதுவதற்குள் வாயுக்குப்பியைத் திறந்து, நெஞ்சையும் முதுகையும் காற்றுப்பையால் மூடும். சாலைப் பந்தயத்தில் இது முன்பே வந்துவிட்டது. மண் ஓட்டத்தில் தாமதமானதற்குக் காரணம், குதித்து இறங்குவதும் குலுங்குவதும் இங்கே விபத்தில்லை, சாதாரண ஓட்டம். அதற்கெல்லாம் விரிந்துவிட்டால் யார் போடுவார்கள்? போடுகிறவர்கள் பார்க்க வேண்டியவை சில உண்டு. மேலே இறுக்கமான ஜாக்கெட் போட்டால் பை விரிய இடமின்றி விலாவை நெரிக்கும். தண்ணீர்ப் பையின் பட்டைகளையும் தளர்த்தி வைக்க வேண்டும். முதல்நாள் இரவு சார்ஜ் போட மறந்தால் அது வெறும் சட்டை.

இதெல்லாம் வந்தும் 2021-இல் சந்தோஷ் நாலாவது ஸ்டேஜில் விழுந்து, மருத்துவர்கள் அவரைச் செயற்கைக் கோமாவில் வைக்க வேண்டியிருந்தது. அவர் மீண்டு வந்தார். அதே ராலியில் பிரான்ஸின் பியர் ஷெர்பன் மீளவில்லை. ஏர்பேக் தலைக்கு இல்லை.

ஜோக்கிம் ரோட்ரிகஸ் 2021-இலேயே அதே சவூதிப் பாலைவனத்துக்குத் திரும்பிவிட்டார். 2022 ஜனவரியில் மூன்றாவது ஸ்டேஜை வென்றார். ஓர் இந்திய நிறுவனத்தின் பைக் டக்காரில் வென்ற முதல் ஸ்டேஜ் அது. 2024-இல் ஹீரோவின் ராஸ் பிராஞ்ச் மொத்தத்தில் இரண்டாம் இடம் பிடித்தார். அதே ஆண்டு ஓசூர் டிவிஎஸ் துணைநிற்கும் ஷெர்கோ அணியில் கேரளத்தின் ஹரித் நோவா, முதல்தரப் பிரிவுக்கு அடுத்ததான ராலி-2 பிரிவில் முதலிடம், மொத்தத்தில் பதினொன்று. ஹீரோ அணியில் பாவ்லோ இருந்தது ஓராண்டுகூட இல்லை.

வணக்கம்.