கணிப்பானின் தொகையீட்டு விடையை எவ்வளவு நம்பலாம்?

[திரையில்: மேசையில் காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ். தொகையீட்டுச் சாவிக்குக் கிட்டப் படம்.]

வணக்கம் பிள்ளையள். நேரா ஒரு கணக்குக்குப் போவம். ஈயின் அடுக்கு சய எக்ஸ் வர்க்கம். இந்தச் சார்பை 0 இலிருந்து 10000 வரைக்கும் தொகையிட வேணும். சரியான விடை, பையின்ர வர்க்கமூலத்தில பாதி: 0.886226925. ஆனா கணிப்பான் 0 எண்டு காட்டக்கூடும். வழு எண்டு ஒரு சொல்லும் திரையில வராது. அதுதான் பயப்பட வேண்டிய விசயம்.

உயர்தர இணைந்த கணிதப் பரீட்சையில கணிப்பானுக்கு இடமில்லை. அதால அந்தப் பாடத்தில நல்லாச் செய்த பிள்ளையளும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர திருநெல்வேலி விஞ்ஞான பீடத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல்நகரில பொறியியல் பீடத்துக்கோ போன பிறகுதான் இந்தச் சாவியை அமத்திப் பழகுவினம். அது உள்ளுக்க என்ன செய்யுது எண்டு ஒருத்தரும் இருத்திச் சொல்லித் தாறேல்லை.

[திரையில்: சார்பின் வரைபு. அதன்மேல் 15 புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன.]

நாங்கள் கையால செய்யிற மாதிரி, பிரதியிட்டோ பகுதிகளாவோ கணிப்பான் தொகையிடுறேல்லை. ஆயிடைக்குள்ள சில புள்ளிகளைத் தெரிஞ்சு, அந்த இடங்களில சார்பின்ர பெறுமானத்தை எடுத்து, நிறை குடுத்துக் கூட்டுது. இஎஸ் வகைக் கணிப்பான்களில இருக்கிறது காஸ்-குரொன்ரொட் முறை. ஜேர்மன் கணிதவியலாளர் காஸ் தன்ர புள்ளிகளை 1814 இல குடுத்தவர். அந்தப் புள்ளிகளை வீணாக்காம, இடையில புதுப் புள்ளிகளைச் சேத்து, வழுவையும் மதிப்பிடலாம் எண்டு 1960களில காட்டினவர் சோவியத் கணிதவியலாளர் குரொன்ரொட். பரவலாப் பாவிக்கிறது 7-15 சோடி; விளக்கத்துக்கு அதையே எடுப்பம். 7 புள்ளியில ஒரு விடை, 15 புள்ளியில இன்னொரு விடை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் குறிச்ச அளவை விடச் சின்னனா இருந்தா வேலை முடிஞ்சுது. இல்லாட்டி ஆயிடையைப் பிரிச்சுத் திரும்பச் செய்யும்.

அந்தக் குறிச்ச அளவுதான் "டொல்", பொறுதி. நீங்கள் ஒண்டும் குடுக்காட்டி தொகையீட்டுக்கு அது 1×10⁻⁵.

இப்ப மேல் எல்லையை 1000 ஆக்கிப் பாருங்கோ. 15 புள்ளியில 0க்கு ஆகக் கிட்டவா இருக்கிற புள்ளி 4.27 இல விழுது. எங்கட சார்பு உயிரோட இருக்கிறதே 0க்கும் 3க்கும் இடையிலதான். 4.27 இல அதின்ர பெறுமானம் 1.2×10⁻⁸ அளவு. நிறையோட பெருக்கினா 15 புள்ளி விடை 1.4×10⁻⁷ கிட்ட வரும். 7 புள்ளி விடை 0. வித்தியாசம் 10⁻⁵ ஐ விடக் குறைவு. அதை அப்பிடியே பொறுதியோட ஒப்பிட்டா, "ரெண்டும் ஒத்துப்போகுது" எண்டு கணக்கு அதிலயே நிண்டிடும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போற பஸ்ஸில 15 இடத்தில மட்டும் கண்ணைத் திறந்து பாத்திட்டு, வழியில ஒரு திருவிழாவும் நடக்கேல்லை எண்டு சொல்ற மாதிரி.

[திரையில்: சாவிகள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

பொறுதியை மாத்துறது இப்பிடி. கணக்கைப் புத்தகத்தில இருக்கிற மாதிரிக் காட்டுற முறையில பொறுதி குடுக்க ஏலாது. ஷிஃப்ட், மோட் அமத்தி, 2 அமத்துங்கோ. அது லைன் ஐஓ, ஒரே வரியில எழுதுற முறை. பிறகு தொகையீட்டுச் சாவி, சார்பு, காற்புள்ளி, கீழ் எல்லை, காற்புள்ளி, மேல் எல்லை, காற்புள்ளி, கடைசியா 1×10⁻¹⁰. காற்புள்ளி வலது அடைப்புக்குறிச் சாவியில இருக்கு, ஷிஃப்ட்டோட. 10⁻¹⁴ ஐ விடச் சின்னன் குடுக்காதேங்கோ. சின்னனாக்க ஆக்க நேரமும் கூடும்.

இப்ப 1000 கணக்கில 1.4×10⁻⁷ எண்ட வித்தியாசம் பொறுதியை விடப் பெரிசு. ஆயிடை பிரிபடும், விடை பிடிபடும். ஆனா 10000 கணக்குக்கு இது உதவாது. அங்க முதல் புள்ளி 42.7 இல. ஈயின் அடுக்கு சய 1800 ஐத் தாண்டின எண் கணிப்பானுக்கு வெறும் 0. ரெண்டு விடையும் 0, வித்தியாசமும் 0. பொறுதியை எவ்வளவு இறுக்கினாலும் 0தான்.

அதுக்கு மருந்து எல்லையில இருக்கு. 0 இலிருந்து 6 வரைக்கும் தொகையிடுங்கோ. 6க்கு அங்கால மிச்சமிருக்கிறது 10⁻¹⁶ ஐ விடக் குறைவு. 10 இலக்கத் திரையில அது தெரியவே தெரியாது. அதே மாதிரி, மட்டுச் சார்பு வந்தா அது மடங்கிற இடத்தில ஆயிடையை வெட்டி, ரெண்டாச் செய்து கூட்டுங்கோ. சாவியைத் தொட முதல் வரைபை ஒருக்காக் கீறிப் பாக்கிறது, பொறுதியை விடப் பெரிய காவல் எண்டுதான் நான் சொல்லுவன்.

[திரையில்: வகையீட்டுச் சாவி.]

வகையீட்டில கதை வேற. அங்க மைய வித்தியாச முறை: புள்ளிக்கு ரெண்டு பக்கமும் ஒரு சின்னப் படி வைச்சு, சார்பின்ர வித்தியாசத்தைப் படியின்ர இரட்டையால பிரிக்கிறது. எக்ஸ் கனத்தை 2 இல வகையிட்டா 12 வரவேணும். படி 0.1 எண்டா 12.01. படி 0.001 எண்டா 12.000001. அப்ப இன்னும் சின்னனாக்கினா இன்னும் நல்லம் எண்டு தோணும். 10⁻¹⁵ வையுங்கோ. கணிப்பான் உள்ளுக்க வைச்சிருக்கிறது 15 இலக்கம் மட்டும். 2 ஓட 10⁻¹⁵ ஐக் கூட்டினாலும் 2, கழிச்சாலும் 2. மேல 0 வரும், விடையும் 0! 12 வரவேண்டிய இடத்தில. இந்தக் கணக்குக்கு நல்ல படி 10⁻⁵ பக்கம்தான்.

இன்னொண்டு: எக்ஸின்ர மட்டுச் சார்புக்கு 0 இல வகையீடே இல்லை. ஆனா ரெண்டு பக்கமும் சமன் எண்டதால இந்த முறை 0 எண்டு விடை தரும்.

கோண அலகையும் பாருங்கோ. சைன் எக்ஸை 0 இலிருந்து பை வரைக்கும் தொகையிட்டா 2. பாகையில விட்டிட்டுச் செய்தா 0.0861. இதுக்குப் பொறுதி ஒண்டும் செய்யாது. ஆரையனுக்கு மாத்த வேணும்.

அண்ணாமார் குடுத்த பழைய 991எம்எஸ் வைச்சிருக்கிற ஆக்களுக்கு: அதில பொறுதி இல்லை. நாலாவதா 1 இலிருந்து 9 வரைக்கும் ஒரு எண் குடுக்கலாம். 2இன் அந்த அடுக்குத்தான் பிரிவுகளின்ர எண்ணிக்கை. 5 குடுத்தா 32 துண்டு, 8 குடுத்தா 256. ரெண்டுக்கும் செய்து பாருங்கோ. எந்த இலக்கம் வரைக்கும் விடை அசையேல்லையோ, அது வரைக்கும் மட்டும் விடைத்தாளில எழுதுங்கோ.