விட்டமின் டப்பாவில் எச்ஐவி மாத்திரை

வணக்கம் நேயர்களே. நான் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். ஒருநாள் ஒரு அண்ணன் கவுண்டரில் விட்டமின் டப்பா ஒன்றை வைத்தார். திறந்து பார்த்தால் பாதி விட்டமின், பாதி எச்ஐவி மாத்திரை. வீட்டில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று, அசல் டப்பாவைச் சிங்கப்பூர்த் தேக்கா பக்கம் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாராம். “இதுவும் எதிர்ப்புச் சக்தி மாத்திரைதானே, தங்கச்சி?” என்றார்.

இல்லை அண்ணே. இந்த மாத்திரை உடம்புக்குச் சக்தி எதுவும் கொடுப்பதில்லை. கிருமி பெருகுவதைத் தடுக்கிறது, அவ்வளவுதான். எச்ஐவிக்குத் தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளத் தெரியாது. நம் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் சிடி4 என்ற வெள்ளை அணுவுக்குள் நுழைந்து, தன் மரபுக் குறிப்பான ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, அணுவின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு, அந்த அணுவையே நகலெடுக்க வைக்கிறது. மாற்றும் வேலையை ஒரு மருந்து தடுக்கும், ஒட்டும் வேலையை இன்னொன்று. பெரும்பாலும் இரண்டு மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் இருக்கும். ஒன்றிலிருந்து கிருமி தப்பினாலும் மற்றது பிடித்துவிடும்.

கிருமி அடங்கியதும் உடம்பு தானாகவே சிடி4 அணுக்களை மீட்டுக்கொள்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருக்க வேண்டியவை 200க்குக் கீழே போனால், சாதாரணமாக நம்மை அண்டாத நிமோனியாகூட வரும். மருந்து தொடங்கிப் பெரும்பாலோருக்கு 6 மாதத்துக்குள் கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். சிடி4 ஏறுவது மெதுவாகத்தான், சிலருக்கு வருடக்கணக்காகும்.

அப்புறம், கிருமி முழுசாகப் போவதில்லை. சில அணுக்களுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். ‘உடம்பு தேறிவிட்டதே’ என்று மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் எழுந்துவிடும்.

காசுதான் தடை என்றால், 2020 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூரில் இந்த மருந்துகளுக்கு மானியம் உண்டு. கிருமி தெரியாத அளவிலேயே நீடித்தால் உடலுறவு மூலம் பரவாது. 2024இல் சட்டமே இதை ஏற்றுத் திருத்தப்பட்டது. அப்படிப்பட்டவர் துணையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது. ஆனால் வீட்டுக்குள் ஒளித்துவைக்கும் பயத்தைச் சட்டத்தால் போக்க முடியுமா என்ன?

சரி, அந்த அண்ணன் கதைக்கு வருவோம். விட்டமினையும் மாத்திரையையும் காலையில் வெறும் வயிற்றில் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடும் வகை மருந்தை அந்த விட்டமினில் உள்ள இரும்பும் கால்சியமும் வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. சேர்த்துப் போடுவதானால் சாப்பாட்டோடு போடுங்கள் என்றேன். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு புது டப்பாவும் கொடுத்தேன். நம் ஊர் புழுக்கத்துக்கு அது வேண்டும்.

அந்த டப்பா இப்போது அவர் வேலையிடத்து லாக்கரில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்கிறாராம்.